எலும்புக்குள் ஒரு பச்சைப் புள்ளி

"வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க! ஓடிடப் போவுது!"

கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, மேலே மூடியும் வைத்த செல் எங்கேயும் ஓடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் கத்துவாள். இருட்டறையின் கறுப்புத் திரையை விலக்கிப் பாதி உடம்பை வெளியே நீட்டி, கண்ணில் படுகிறவரைக் கையைப் பிடித்து இழுப்பாள். ஆய்வுக்கூடத்து ஆட்கள் மட்டுமில்லை. தரை துடைக்க வந்த அம்மா, ஏ.சி. பழுது பார்க்க வந்தவர், கூரியர் கொண்டுவந்தவர் என்று எத்தனையோ பேர் அந்த மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை வாட்ச்மேன் தொப்பியோடு குனிந்து, தொப்பியின் முனை இடித்து, அதுவரை தெரிந்த செல்லும் நகர்ந்து மறைந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. அவர் தொப்பியைத் தானே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் தேடிப்பிடித்துக் காட்டினாள்.

"இப்போ பாருங்கண்ணா. கறுப்பு வானத்துல ஒரே ஒரு பச்சை. தெரியுதா?"

"தெரியுது மேடம். இன்னாது அது?"

"கேன்சர் செல்லுண்ணா! ரத்தத்துல திரிஞ்சினு இருந்துச்சு. புடிச்சிட்டோம்!"

வாட்ச்மேன் சட்டென்று பின்னால் நகர்ந்தார். தொப்பியை வாங்கிக்கொண்டு போகும்போது கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆய்வுக்கூடம் அது. நான் அங்கே டெக்னீஷியன். விரிஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அவள் டாக்டர். கணையப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக வந்தவள். வயதில் என்னைவிடச் சிறியவள். முதல் வாரம் நான் மரியாதையாக "டாக்டர், நீங்க" என்று பேசியபோது, "அக்கா, ரெண்டு பேரும் நாள் பூரா ஒரே இருட்டு ரூம்ல உக்காரப் போறோம். இந்த வாங்க போங்கல்லாம் வெளிய பெரிய ஆளுங்க இருக்கும்போது வச்சிக்கலாம்" என்றாள். அந்த உரிமையில்தான் இங்கேயும் 'அவள்' என்று எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் போன் செய்து, "என்னைப் பத்தி எழுத இன்னாக்கா இருக்கு, அந்த செல்லைப் பத்தி எழுது" என்று சண்டைக்கு வருவாள்.

ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை, அம்மா நர்ஸ். "தோல் டேனரி வாசனைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குக் காட்பாடி ஹாஸ்டல்ல சேர்ந்த அப்புறம்தான் தெரியும். காத்துன்னாலே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சினு இருந்தேன்" என்பாள். வார்டில் யாராவது ஆம்பூர்ப் பக்கம் என்று தெரிந்தால் போதும், எந்தக் கம்பெனி, எந்த செக்ஷன் என்று கேட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்துவிடுவாள்.

எதையும் தனியாகப் பார்க்க அவளால் முடியாது. அதுதான் அவள். மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று யாரோ சொன்னார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆறுதான். ஓடுகிற ஆறு என்று பேச்சுக்குத்தான் சொல்வது, மணல்தான் இருக்கும். அவள் செய்துகொண்டிருந்த வேலையை முடித்து மூடிவைத்துவிட்டு, இரண்டு ஆட்டோ பிடித்து, கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். எங்கள் துறைத்தலைவரையும் விடவில்லை. பாலத்தில் ஊரே நின்றது. செம்மண் நிறத்தில் கரைக்குக் கரை தண்ணீர். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத கிழவரிடம், "பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்றாள். அவரும் அதே ஆவேசத்தோடு, "பார்த்துனுதாம்மா கீறேன்!" என்றார். திரும்பும்போது, கரையில் இறங்கிப் பார்த்த துறைத்தலைவரின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணையத்தில் வரும் புற்று சத்தமில்லாமல் வளர்வது. மஞ்சள் காமாலை, முதுகுவலி என்று வெளியே தெரிய வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அறுத்து எடுக்கக்கூடிய நிலையில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கும் சுத்தமாக எடுத்துவிட்டோம், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்த பிறகு, சில மாதங்களில் ஈரலிலோ வேறெங்கோ திரும்ப வந்து நிற்கும். அது எங்கே இருந்தது? ஸ்கேன் கண்ணுக்குத் தெரியாத எந்த மூலையில்?

அவளுடைய நம்பிக்கை இதுதான்: கட்டி இருக்கும்போதே சில செல்கள் உதிர்ந்து ரத்தத்தில் கிளம்பிவிடுகின்றன, அவற்றில் சில எலும்பு மஜ்ஜைக்குள் போய் உட்கார்ந்துவிடுகின்றன. அவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் யாருக்கு நோய் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அறுவை நடக்கும்போது, மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடமிருந்து, அவர் முன்பே கொடுத்த சம்மதத்தின்பேரில், கொஞ்சம் ரத்தமும் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜையும் எடுப்பார்கள். அதை நான் சுழலவிட்டுப் பிரித்து, தகடுகளில் பரப்பிச் சாயமேற்றுவேன். வெள்ளணுக்கள் சிவப்பாகத் தெரியும். கட்டியிலிருந்து வந்த செல் இருந்தால் பச்சையாக மின்னும். பல லட்சம் செல்களுக்கு நடுவில் ஒன்று இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

"ஒரு கல்யாண தேக்சா நிறைய பிரியாணி. அதுல யாரோ ஒரே ஒரு கடுகைப் போட்டுட்டாங்க. தேடணும். அவ்ளோதான் நம்ம வேலை" என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளக்குவாள்.

அந்தப் பச்சைக்கு ஆயுளும் குறைவு. மைக்ராஸ்கோப்பின் விளக்கு பட்டுக்கொண்டே இருந்தால் மங்கி அணைந்துவிடும். அதனால் முதலில் போட்டோ எடுத்துக்கொள்வாள். பிறகு ஆளுக்கு ஒரு பார்வை. உடனே விளக்கின் கதவை மூடிவிடுவாள். இவ்வளவு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள் அந்த விஷயத்தில் மட்டும் படு கறார்.

தசரதன் எங்களிடம் வந்தது அந்தக் காலத்தில்தான். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் வேலை. மனைவி மல்லிகா அதே கம்பெனியில் தையல். கண் மஞ்சளானதும் முதலில் காமாலைக்கு நாட்டு மருந்து குடித்திருக்கிறார். அரிப்பு தாங்காமல் உடம்பெல்லாம் கீறிக்கொண்டு, பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. எடுக்க முடியும் என்றார் பெரிய சர்ஜன். எடுத்தார். நல்லபடியாக முடிந்தது.

அடுத்த நாள் மாலை நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். திரைக்குள்ளிருந்து ஓர் அலறல்.

"அக்கா! மேரோல! ரத்தத்துல இல்லக்கா, மேரோல! எலும்புக்குள்ள உக்காந்துனு இருக்கான்!"

மஜ்ஜையில் நாங்கள் பார்த்த முதல் பச்சை அது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சிவப்புக் கூட்டத்துக்கு நடுவே பெரிதாக, முட்டை வடிவத்தில், பளபளவென்று. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினாள், யாரையாவது இழுத்துவர.

நடைபாதை பெஞ்சில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் கூடத்துக்கு அடுத்த கதவுதான் ரத்த வங்கி. கணவருக்காக ரத்தம் கொடுக்க வந்த தன் தம்பிக்காகக் காத்திருந்தாள். அலறல் அவளுக்கும் கேட்டிருக்கிறது. எழுந்து நின்று, ஆசையோடு கேட்டாள்.

"இன்னா டாக்டர், நல்ல சேதியா?"

தகடுகளில் பெயர் இருக்காது, எண்தான். ஆனால் அந்த வாரம் கணைய அறுவை ஒன்றே ஒன்றுதான் நடந்தது. யாருடைய எலும்பு என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் வாய் திறந்தபடியே நின்றாள். சிரிப்பு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை, போக வழி தெரியாமல் அப்படியே உறைந்திருந்தது. பிறகு மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்து மல்லிகாவையும் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அம்மா, ரொம்ப நாளா ஒண்ணைத் தேடினு இருந்தேன். கெடச்சுது. அதான் கத்திட்டேன். அது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு இன்னும் எனக்கே தெரியாது."

"தேடினது கெடச்சா நல்லதுதானே டாக்டர்" என்றாள் மல்லிகா. தம்பி வெளியே வந்ததும் அவனுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுக்க எழுந்து போனாள்.

அன்று அவள் டீ குடிக்க வரவில்லை. இருட்டறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனதும் சொன்னாள்: "அந்தம்மா மூஞ்சியப் பார்த்தியாக்கா? நான் குதிச்சது அவங்க புருஷனுக்குள்ள இருக்கற எமனைப் பார்த்து." "நீ தேடலன்னா மட்டும் அது இல்லாம போய்டுமா?" என்று கேட்டேன். தகட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள். ஆனால் கத்துவதை அவள் நிறுத்தவும் இல்லை. கத்துவதற்கு முன்பு கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கப் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆராய்ச்சி முடிவுகளை நோயாளியிடம் சொல்லக்கூடாது என்பது விதி. அர்த்தம் இன்னும் நிச்சயமாகாத ஒன்றைச் சொல்லி ஒருவரைக் கலங்கடிக்கக்கூடாது. நியாயமான விதிதான். அவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். தசரதன் தையல் பிரிக்க வந்த நாள்வரை.

அறுவைக்குப் பிறகு கீமோ மருந்து ஏற்றவேண்டும் என்று பெரிய சர்ஜன் சொல்ல, தசரதன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். "அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நீங்களே சொன்னீங்களே ஐயா. அப்புறம் எதுக்கு? எங்க செக்ஷன்ல ஒருத்தன் அந்த மருந்து போட்டு முடி கொட்டி, வாந்தி எடுத்து, ஆளே அடையாளம் தெரியாம போய்ட்டான். எனக்கு வேணாம்." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு அவள் துடித்துப்போனாள். ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் முன் நேராகப் போய் நின்றாள். நானும் தகடுகளின் படங்களை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். மேசையைச் சுற்றி மூத்த டாக்டர்கள், ஒரு வக்கீல், ஒரு பாதிரியார்.

"அர்த்தம் தெரியாத முடிவை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார் ஒருவர்.

"அர்த்தம் தெரியாதுங்கறதையும் சேர்த்துச் சொல்றேன் சார். தெரிஞ்சதையும் சொல்றேன், தெரியாததையும் சொல்றேன். அவரு எல்லாம் போய்டுச்சுன்னு நெனச்சினு இருக்காரு. அப்படி இல்லன்னு நான் கண்ணால பார்த்தேன். அதை நான் மட்டும் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

குரல் உயர்ந்துவிட்டது. பாதிரியார் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். நெடுநேரம் பேசினார்கள். கடைசியில், தெரிந்துகொள்ள விருப்பமா என்று பெரிய சர்ஜன் முதலில் தசரதனைக் கேட்கவேண்டும், அவர் விரும்பினால் மட்டும், சர்ஜனும் கூட இருக்கும்போது சொல்லலாம் என்றார்கள்.

தசரதன் விரும்பினார். சொன்னதைக் கேட்டதோடு நிற்கவில்லை. "காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் பெரிய சர்ஜனோடு வந்தார்கள். மெலிந்து சட்டை தொளதொளத்த தசரதன், அவர் கையைப் பிடித்தபடி மல்லிகா. திரையை மூடி, அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து, நாற்காலியை அவருக்குத் தோதாக உயர்த்திக் கொடுத்தாள். அவர் குனிந்தார்.

"இந்தப் பச்சையா?"

"ஆமாங்க."

வெகுநேரம் பார்த்தார். விளக்கின் கதவை மூட அவள் கையை எடுப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இது நானா டாக்டர்?"

அவள் அவர் உயரத்துக்குக் குனிந்தாள். "உங்க உடம்புலேர்ந்து வந்ததுதாங்க. ஆனா உங்க பேச்சைக் கேக்காதது."

தசரதன் சிரித்துவிட்டார். "என் பையன் மாதிரி" என்றார். மல்லிகாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"இத்துனூண்டு. இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

"மருந்து போட்டா இது செத்துடுமா?" தசரதன் கேட்டார்.

"தெரியாதுங்க. சாகலாம். சாகாமயும் இருக்கலாம். இது அங்க இருந்தா இன்னா ஆகும்னே இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா மருந்து போட்டுக்கினவங்களுக்கு சான்ஸ் ஜாஸ்தி, போடாதவங்களுக்குக் கம்மி. அது தெரியும்."

பெரிய சர்ஜன் தலையாட்டினார். பதில் சொன்னது மல்லிகா.

"போட்டுக்குவாரு டாக்டர். நான் இட்டுனு வரேன்."

இட்டுக்கொண்டு வந்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. தசரதனுக்கு முடி கொட்டியது, வாந்தி எடுத்தது, அவர் பயந்ததெல்லாம் நடந்தது. மருந்து ஏறும் நாட்களில் எங்கள் கூடத்திலிருந்து அவளும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று எங்கே என்ன பார்த்தாள் என்று கதை சொல்வாள்.

அதே வருடம் பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அதே நோய், அதே அறுவை. அவர் ரத்தமும் சுத்தம், மஜ்ஜையும் சுத்தம். தகடு தகடாகத் தேடி ஒன்றுமே இல்லை என்றதும் அவள் பாடிக்கொண்டே கை கழுவினாள். "இவங்க தப்பிச்சாங்கக்கா. எழுதி வச்சிக்கோ" என்றாள்.

கீமோ முடிவதற்குள் டீச்சருக்கு ஈரலெல்லாம் பரவிவிட்டது.

அவள் அத்தனை தகடுகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, முதல் தகட்டிலிருந்து மறுபடியும் பார்த்தாள். காலையில் உள்ளே போனால் மாலையில்தான் வெளியே வருவாள். யாரையும் கூப்பிடவில்லை. அந்த நாட்களில் எங்கள் கூடம் எவ்வளவு அமைதியான இடம் என்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது. பிடிக்கவில்லை. எல்லாம் பார்த்து முடித்து வெளியே வந்து சொன்னாள்: "நான் தவறவிடலக்கா. இல்லவே இல்ல. அது வேற எந்த வழியாவோ போயிருக்கு." சொல்லிவிட்டு அழுதாள்.

டீச்சரின் கடைசி வாரங்களில் தினமும் வார்டுக்குப் போனாள். காட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. ஆனால் டீச்சர் அவளைப் பார்த்ததும் கேட்பார்: "இன்னைக்கு என்ன பார்த்தே?" ஜன்னல் சன்ஷேடில் காகம் கம்பித்துண்டுகளால் கூடு கட்டுவதை, அதில் யாருடைய மூக்குக்கண்ணாடிக் காதோ ஒன்று செருகியிருப்பதைச் சொல்வாள். கடைவாசலில் ஆட்டோக்காரரும் பசுமாடும் ஒரே முறுக்குப் பொட்டலத்துக்கு மல்லுக்கட்டியதை நடித்துக் காட்டுவாள். டீச்சருக்குச் சிரித்தால் வயிறு வலிக்கும். "போதும்டி, நிறுத்து" என்பார். நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். ஒருநாள் அவர் கட்டிலையே நர்ஸ்களிடம் கெஞ்சி ஜன்னலோரம் தள்ளவைத்து, காகக் குஞ்சுகள் வாயைப் பிளப்பதைக் காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு டீச்சர் அதிக நாள் இருக்கவில்லை.

தசரதனோ வந்துகொண்டே இருந்தார். மூன்று மாதத்துக்கொருமுறை ஸ்கேன். அவளுடைய கருத்துப்படி நோய் திரும்பவேண்டிய முதல் ஆள் அவர்தான். அவர் வருகிற நாளில் அவள் காலையிலிருந்தே நிலைகொள்ளமாட்டாள். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்லையாம் டாக்டர்" என்பார். அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவாள். முடி திரும்ப முளைத்தது. உடம்பு தேறியது. கம்பெனியில் பேக்கிங்கில் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்தார்கள். மகளுக்குக் கல்யாணம் செய்தார், பேரன் பிறந்தான், அவனையும் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். வருடங்கள் போயின.

"இந்த மனுஷன் என் கணக்கையே கெடுக்கறாருக்கா!" என்று அவள் என்னிடம் சொன்னபோது, கணக்குக் கெட்டவள் முகமாக அது இல்லை. கண்ணெல்லாம் சிரிப்பு.

பிறகு அத்தனை பேருடைய முடிவுகளையும் சேர்த்துவைத்துப் பார்க்கும் நாள் வந்தது. ரத்தத்தில் நிறையச் செல்கள் இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியிருந்தது; அதில் ஏதோ உண்மை இருக்கும்போலத் தெரிந்தது. மஜ்ஜையில்தான் கதை வேறு. இருந்தவர்களில் சிலர் போய்விட்டார்கள், சிலர் நன்றாக இருந்தார்கள். இல்லாதவர்களிலும் அப்படியே. எங்கள் கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தவள், "மஜ்ஜையைப் பத்தி நான் நெனச்சது தப்பு!" என்று சொன்ன விதத்தைக் கேட்டு, பின்வரிசையில் யாரோ கைதட்டிவிட்டார்கள், ஏதோ பரிசு கிடைத்ததாக நினைத்து. துறைத்தலைவர் முகம் தொங்கியிருந்தது.

"தப்புன்னு தெரிஞ்சதுக்கு எதுக்கும்மா இவ்ளோ சந்தோஷம்?" என்றார்.

"சார், அந்த செல்லு அவருக்குள்ள போச்சு. நான் பார்த்தேன். ஆனா அவரு பேரனைத் தூக்கினு படியேறி வர்றாரு. அப்போ அந்த செல்லு இன்னா ஆச்சு? செத்துடுச்சா? இல்ல அங்கயே இருக்குதா? இத்தினி நாளா தப்பான கேள்வியைக் கேட்டுனு இருந்தோம் சார்!"

அதை அறிய ஒரே வழி, தசரதனின் மஜ்ஜையை மறுபடியும் எடுத்துப் பார்ப்பது. குழுவிடம் அனுமதி வாங்கினாள். அடுத்த முறை அவர் வந்தபோது, மல்லிகாவையும் உட்காரவைத்துக் கேட்டாள்.

"வலிக்குமா?" என்றார் தசரதன்.

"வலிக்கும். போன தடவை மயக்கத்துல இருந்தீங்க. இந்தத் தடவை மரத்துப்போற ஊசி மட்டும்தான்."

"எனக்கு இன்னா லாபம்?"

"உங்களுக்கு ஒரு லாபமும் இல்லைங்க."

மல்லிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேணாம் டாக்டர். நல்லாத்தானே இருக்காரு? ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. எதுக்குப் போய்த் தோண்டணும்? இருக்குதுன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் எப்படித் தூங்கறது?"

கேட்டவள் கையிலிருந்த சம்மதப் படிவத்தை மடித்துவிட்டாள். அவ்வளவு ஆசையிலும் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. "நீங்க வேணாம்னா வேணாம்மா. இத்தோட விட்டுடலாம்" என்று எழுந்தும் விட்டாள்.

தசரதன் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நீதான் தூங்கறே மல்லி. நான் எங்க தூங்கறேன்? ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பச்சையைத்தான் நெனச்சினு படுத்திருக்கேன். இருக்குதா போய்டுச்சான்னு எனக்குத் தெரியணும்." அவள் பக்கம் திரும்பி, "எடுங்க டாக்டர்" என்றார்.

எடுக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, நர்ஸின் கையை நசுக்கிவிட்டார். நான் தகடுகளைத் தயார்செய்தேன். இந்த முறை இன்னொரு சாயமும் சேர்த்தோம். பெருகி வளர்ந்துகொண்டிருக்கிற செல்லில் மட்டும் ஒட்டுவது அது. முடிவு சொல்கிற நாளன்று இரண்டு பேரும் முதல் பஸ்ஸிலேயே வந்து, ரத்த வங்கிப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் தேடினாள். நான் பக்கத்தில் நின்றேன். காலை போய் மதியம் ஆனது. திடீரென்று அவள் விரல்கள் அசைவதை நிறுத்தின. கத்தவில்லை. எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். பார்த்தேன். சிவப்புகளுக்கு நடுவே ஒரு பச்சை. ஒன்றே ஒன்று. அடுத்த சாயத்துக்கு மாற்றினாள். இருட்டு. வளர்கிற செல்லில் ஒட்டவேண்டிய சாயம் அதில் ஒட்டவே இல்லை.

என் கையைப் பிடித்தாள். பெரிய சர்ஜனுக்குப் போன் செய்து, அவர் வந்ததும், கதவைத் திறந்துகொண்டு வெளியே போனோம்.

தசரதன் எழுந்து நின்றார். "இருக்குதா டாக்டர்?"

"இருக்குது."

மல்லிகா கண்களை மூடிக்கொண்டாள். தசரதன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான்?"

"நீங்களும் இருக்கீங்களே!" அவள் குரல் உடைந்து பொங்கியது. "அதுவும் இருக்குது, நீங்களும் இருக்கீங்க! இத்தினி வருஷமா ஒரே வீட்ல! அது வளரல, பெருகல, ஒண்ணும் பண்ணல. தூங்குது. நான் படிச்சிருக்கேன், இப்படி இருக்கலாம்னு. கண்ணால பார்த்தது இன்னைக்குத்தான். உங்க உடம்பு அதை எப்படியோ தூங்க வச்சிருக்குது. எப்படின்னு மட்டும் தெரிஞ்சுடுச்சுன்னா..." மேலே பேச முடியாமல் இரண்டு கைகளையும் காற்றில் விரித்தாள்.

அந்த 'எப்படி'யைத் தேடித்தான் பிறகு அவள் வேலூரைவிட்டு வெகுதூரத்து ஊரொன்றுக்குப் போனாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். தசரதன் இன்னும் பேக்கிங்குக்குப் போய்வருகிறார்.

அன்று பெரிய சர்ஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்போதும்போல ஸ்கேனுக்குத் தவறாமல் வரவேண்டும், அது எப்போது வேண்டுமானாலும் விழிக்கலாம், யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று விளக்கினார். தசரதன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கணவரின் இடுப்பைத் தன் உள்ளங்கையால் மெதுவாக ஒருமுறை தடவினாள், ஊசி போட்ட அந்த இடத்தில்.

"சரி, தூங்கினா தூங்கட்டும்" என்றாள். "வாய்யா, மெதுவா நட. பஸ்ஸு வந்துடும்."